ஒரே புள்ளி தெரிந்தால் சுத்தம் என்று அர்த்தமா?

மஞ்சள் தூள் கலப்படத்தைப் பற்றிப் போன இதழில் எழுதும்போது, ஆய்வகத்தில் இதை டி.எல்.சி. (மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை, கலவையில் உள்ள பொருள்களைத் தட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) போட்டுப் பார்ப்பார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எல்லாவற்றுக்கும் இடம் இல்லை. பலரும் கேட்டிருந்த ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை என்று பாடத்தில் வருகிறது. சிலிக்கா, கரைப்பான், ஆர்.எஃப். மதிப்பு எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஒரு பொருள் மேலே போகிறது, இன்னொன்று கீழேயே நிற்கிறது, அது ஏன் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.
– பிளஸ் ஒன் மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, தட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பார். ஒரு அலுமினியத் தகடு, அதன்மேல் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் சிலிக்கா ஜெல் பூச்சு, அவ்வளவுதான். அடியிலிருந்து 1 சென்டிமீட்டர் மேலே பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு, சோதிக்க வேண்டிய பொருளின் கரைசலை அந்தக் கோட்டின்மேல் ஒரு சின்னப் புள்ளியாக வைக்கிறோம். மூடியுள்ள ஒரு கண்ணாடி ஜாடியில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் கரைப்பான் ஊற்றித் தட்டை அதில் நிற்க வைத்தால், சிலிக்காத் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாகக் கரைப்பான் தானாகவே மேலே ஏறும். ஏறும் வழியில் நம் புள்ளியில் உள்ள பொருள்களைக் கரைத்துக் கூடவே இழுத்துப் போகப் பார்க்கும். சிலிக்கா சும்மா விடாது. அதன் பரப்பு முழுக்க ஓ.எச். தொகுதிகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள். ஆல்கஹால், அமிலம், அமீன் மாதிரி முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் குணம்) உள்ள மூலக்கூறுகளை அவை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

ஒரே ரோட்டில் ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு பஸ்ஸை நினைத்துக்கொள். ஒன்று எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் டவுன் பஸ், இன்னொன்று பாயின்ட் டு பாயின்ட். மூலக்கூறுகளும் இப்படித்தான், கரைப்பானில் இருக்கும் நேரத்தில் எல்லாமே கரைப்பானின் வேகத்தில்தான் போகின்றன, சிலிக்காவில் ஒட்டியிருக்கும் நேரத்தில் எதுவும் நகருவதில்லை, யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. ஆர்.எஃப். 0.3 என்றால் அந்தப் பொருள் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் கரைப்பானோடு கழித்திருக்கிறது, மீதி நேரம் சிலிக்காவின் பிடியில். கணக்கு உனக்கே தெரியும், புள்ளி நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுக்க வேண்டும். இரண்டையுமே பென்சில் கோட்டிலிருந்து அளக்க வேண்டும், தட்டின் அடிவிளிம்பிலிருந்து அல்ல.

முனைவுத்தன்மை கூடினால் கீழே, குறைந்தால் மேலே என்ற விதியோடு பாடம் நின்றுவிடும். மஞ்சளை எடுத்துப் பார்த்தால் விதி கொஞ்சம் ஆட்டம் காணும். மஞ்சள் தூளை மெத்தனாலில் கலக்கித் தெளிய விட்டு, அந்தத் தெளிவைப் புள்ளி வைத்து, குளோரோஃபார்ம் 95 பங்கு, மெத்தனால் 5 பங்கு கலவையில் ஓட்டினால், மூன்று மஞ்சள் புள்ளிகள் கண்ணுக்கே தெரியும். மேலே இருப்பது குர்குமின், நடுவில் டிமெத்தாக்ஸிகுர்குமின், கீழே பிஸ்டிமெத்தாக்ஸிகுர்குமின். பெயரிலேயே இருக்கிறது பார், மேலே போன குர்குமினில் மெத்தாக்ஸி தொகுதி (ஆக்சிஜன் உள்ள ஒரு சின்னக் கூட்டம்) இரண்டு, நடுவில் உள்ளதில் ஒன்று, கீழே நின்றதில் ஒன்றுமே இல்லை. ஆக்சிஜன் அதிகம் உள்ளது கீழேதானே நிற்க வேண்டும்? இல்லை, ஏனென்றால் குர்குமினில் ஒவ்வொரு ஓ.எச்.க்கும் பக்கத்திலேயே ஒரு மெத்தாக்ஸி உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் தங்களுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்வதால் அந்த ஓ.எச். சிலிக்காவின் கைக்குச் சரியாக அகப்படுவதில்லை. ஆர்த்தோ நைட்ரோஃபீனால் மேலே போவதும் பாரா நைட்ரோஃபீனால் கீழே நிற்பதும் இதே காரணத்தால்தான். பின்னதை உன் ஆசிரியரிடம் கேட்டுப் பார், கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்து காட்டும் சோதனை அது.

கேள்வி: எவ்வளவு கவனமாகப் போட்டாலும் எனக்குப் புள்ளியே வருவதில்லை சார், கீழேயிருந்து மேல் வரை வால் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. கைடு தினமும் திட்டுகிறார்.
– எம்.எஸ்சி. மாணவி, திருச்சி

பதில்: பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், அதிகமாக வைத்துவிடுகிறீர்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஒற்றுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். சிலிக்காவின் பரப்பு ஓரளவுக்குத்தான் பிடித்துவைக்கும், அது நிரம்பியதும் மிச்சம் எல்லாம் வழிந்து ஓடும், அதுதான் அந்த வால். 1 மில்லிலிட்டர் கரைப்பானில் 1 மில்லிகிராம் அளவுக்கு நீர்த்த கரைசல் எடுத்து, கண்ணாடிக் குழாயைச் சூடு காட்டி இழுத்துச் செய்த மெல்லிய கேப்பில்லரியால் ஒரு தடவை தொட்டு எடுங்கள். புள்ளி 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சந்தேகம் இருந்தால் அதே தட்டில் அடுத்தடுத்து மூன்று புள்ளி வையுங்கள், ஒன்று இப்போதைய கரைசல், அடுத்தது அதைப் பத்து மடங்கு நீர்த்தது, மூன்றாவது நூறு மடங்கு. எது உருண்டையாக வருகிறதோ அதுதான் உங்கள் அளவு.

நீர்த்த பிறகும் வால் வந்தால் பொருளின் குணத்தைப் பாருங்கள். கார்பாக்சிலிக் அமிலமாக இருந்தால் கரைப்பானில் சில துளி அசெட்டிக் அமிலம் சேர்த்தால் புள்ளி ஒழுங்காகும். அமீனாக இருந்தால் ட்ரைஎத்தில்அமீன் 1 சதவீதம் போதும், சிலிக்கா லேசாக அமிலத்தன்மை உள்ளது என்பதால் அமீனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, ட்ரைஎத்தில்அமீன் முந்திக்கொண்டு அந்த இடங்களை அடைத்துவிடும். அமீனின் ஹைட்ரோகுளோரைடு உப்பையே கொண்டுபோய் வைத்துவிட்டு நகரவில்லையே என்று கவலைப்படுபவர்களும் உண்டு. உப்பு நகராது, முதலில் காரம் சேர்த்து அமீனை விடுவித்துவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும்.

அப்புறம், வினை டி.எம்.எஃப்., டி.எம்.எஸ்.ஓ. மாதிரிக் கரைப்பானில் நடந்துகொண்டிருந்தால் நேராகக் குடுவையிலிருந்து எடுத்து வைக்காதீர்கள். அவை சீக்கிரம் ஆவியாகாதவை, புள்ளியிலேயே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் இழுத்துவிடும். ஒரு சின்னக் குப்பியில் இரண்டு துளி வினைக்கலவை, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் எத்தில் அசிட்டேட் விட்டுக் குலுக்கி, மேலே தெளியும் எத்தில் அசிட்டேட்டிலிருந்து புள்ளி வையுங்கள். அரை நிமிட வேலை.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜாடியில் உள்ள கரைப்பான் மட்டம் பென்சில் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் பொருள் ஜாடிக்குள்ளேயே கரைந்து போய்விடும். தட்டின் ஓரத்தை ஒட்டிப் புள்ளி வைக்க வேண்டாம், ஓரத்தில் கரைப்பான் சீராக ஏறாது. கரைப்பான் முகப்பு நேர்கோடாக இல்லாமல் வளைந்து ஏறினால், ஜாடிக்குள் ஆவி நிரம்பவில்லை என்று சந்தேகப்படுங்கள். உள்சுவரில் ஒரு வடிதாளைச் சுற்றி வைத்து, மூடி, 20 நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் தட்டை இறக்குங்கள். ஈரம் குடித்த பழைய தட்டாக இருந்தால் 110 டிகிரியில் அரை மணி நேரம் ஓவனில் வைத்து எடுக்கலாம்.

கேள்வி: பென்சிலால்தான் கோடு போட வேண்டும் என்கிறார்களே, ஏன்? பேனா கூடாதா?
– வாசகி, மதுரை

பதில்: பேனா மையே சாயங்களின் கலவைதான், அதுவும் பிரிந்து மேலே ஏற ஆரம்பித்துவிடும். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அது எந்தக் கரைப்பானுக்கும் அசையாது. அழுத்திக் கீறாமல் போடுங்கள், சிலிக்கா பெயர்ந்தால் அந்த இடத்தில் கரைப்பான் தடுமாறும்.

கேள்வி: எந்தக் கரைப்பானில் ஓட்டுவது என்று எப்படி முடிவு செய்வது? சீனியர் சொன்னதைத்தான் செய்கிறோம், காரணம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.
– ஆராய்ச்சி மாணவர், கோவை

பதில்: சீனியர் அநேகமாக ஹெக்சேன் – எத்தில் அசிட்டேட் என்றுதான் சொல்லியிருப்பார், அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆரம்பிக்க அதைவிட நல்ல ஜோடி கிடையாது. ஹெக்சேன் பொருளை நகர்த்தாது, எத்தில் அசிட்டேட் நகர்த்தும், இரண்டையும் எந்த விகிதத்திலும் கலக்கலாம், இரண்டும் சீக்கிரம் காய்ந்துவிடும். மூன்று சின்னத் தட்டு வெட்டிக்கொண்டு (அலுமினியத் தட்டைக் கத்திரிக்கோலாலேயே வெட்டலாம்) 9:1, 7:3, 1:1 என்று மூன்று விகிதத்தில் ஓட்டிப் பாருங்கள். புள்ளி மேலேயே ஓடிவிட்டால் ஹெக்சேனைக் கூட்டுங்கள், கோட்டிலேயே நின்றால் எத்தில் அசிட்டேட்டைக் கூட்டுங்கள். முழு எத்தில் அசிட்டேட்டிலும் அசையவில்லை என்றால் டைகுளோரோமீத்தேனில் மெத்தனால் 5 சதவீதத்திலிருந்து தொடங்குங்கள். பின்னால் அதே கலவையைக் காலமில் (சிலிக்கா நிரப்பிய பிரிகைக் குழாயில்) போடப் போகிறீர்கள் என்றால் வேண்டிய பொருள் 0.25க்கும் 0.35க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டே வந்தால் விகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. எத்தில் அசிட்டேட்டுக்குப் பதில் டைகுளோரோமீத்தேனோ ஈதரோ போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கரைப்பானும் மூலக்கூறோடு உறவாடும் விதம் வேறு, ஒன்றில் பிரியாதது இன்னொன்றில் பிரியும். பழைய செய்முறைப் புத்தகங்களில் பென்சீன் என்று இருந்தால் அதை அப்படியே எடுத்துச் செய்ய வேண்டாம், பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும், பல இடங்களில் டொலுவீன் அந்த வேலையைச் செய்துவிடும். ஜாடியில் நேற்று ஊற்றிய கலவையை இன்றும் ஓட்டாதீர்கள், ஹெக்சேன் முந்திக்கொண்டு ஆவியாகி விகிதம் மாறியிருக்கும்.

கேள்வி: மஞ்சளுக்கு நிறம் இருக்கிறது, தெரிகிறது. பாராசிட்டமால் மாதிரி நிறமே இல்லாத பொருளின் புள்ளியை எப்படிப் பார்ப்பது?
– பி.ஃபார்ம். மாணவர், சேலம்

பதில்: தட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் 60 எஃப் 254 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 60 என்பது சிலிக்காவின் துளைகளின் சராசரி விட்டம், ஆங்ஸ்ட்ராம் கணக்கில். எஃப் 254 என்றால் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும் ஒரு பொருளைப் பூச்சிலேயே கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விளக்கைப் போட்டால் தட்டு முழுக்கப் பச்சையாக ஒளிரும், பாராசிட்டமால் இருக்கும் இடத்தில் மட்டும் அது புற ஊதாவை உறிஞ்சிக்கொள்வதால் ஒளிர்வு தடைபட்டுக் கருத்த புள்ளி தெரியும். நாம் பார்ப்பது அதன் நிழலைத்தான். பென்சீன் வளையம் மாதிரி ஒளி உறிஞ்சும் அமைப்பு இல்லாத பொருளுக்கு நிழல் விழாது. சர்க்கரையும் கொழுப்பும் இந்த விளக்கில் அகப்படாமல் போவது அதனால்தான். விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

விளக்கில் தெரியாததற்கு வேறு வழிகள் உண்டு. மூடிய ஜாடியில் சில அயோடின் படிகங்களைப் போட்டு உள்ளே தட்டை வைத்தால் பல கரிமப் பொருள்கள் பழுப்புப் புள்ளியாகத் தெரியும், வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், அதற்குள் பென்சிலால் சுற்றி வரைந்துவிட வேண்டும். அமினோ அமிலங்களுக்கு நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினால் ஊதா, புரோலின் மட்டும் மஞ்சள். ஆல்கலாய்டுகளுக்கு டிராகென்டார்ஃப் கரைசல், ஆரஞ்சு நிறம். எதற்குமே மசியாதவற்றுக்குக் கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கிக் கரியாக்கிவிடுவது, முரட்டு வைத்தியம்தான், ஆனால் ஆவியாகாத கரிமப் பொருள்கள் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தது யார்? நோபல் பரிசு கிடைத்ததா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு ஆளைக் காட்ட முடியாது. தொடக்கம் ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட், 1900களின் தொடக்கத்தில் வார்சாவில் இலைப் பச்சையத்தைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி வண்ண வண்ணப் பட்டைகளாகப் பிரித்தார். 1906இல் விரிவாக எழுதினார். வேதியியலாளர்கள் அதை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கண்டுகொள்ளவே இல்லை, 1919இல் அவர் இறந்தும் போய்விட்டார்.

குழாயை விட்டுத் தட்டுக்கு வந்தது 1938இல், உக்ரைனின் கார்கிவில். நிகோலாய் இஸ்மைலோவ், மரியா ஷ்ரைபர் என்ற இருவர் மூலிகை மருந்துச் சாறுகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. குழாயில் ஓட்டினால் நேரம் ஆகிறது என்று கண்ணாடித் தகட்டில் அலுமினா மாதிரியான தூளை மெல்லிசாகப் பரப்பி, சாற்றை ஒரு துளி விட்டு, மேலே கரைப்பானைத் துளித் துளியாக விட்டார்கள். வட்ட வட்டமாக நிறங்கள் விரிந்தன. இந்த முறையின் முதல் வேலையே மூலிகை மருந்து அசலா என்று பார்ப்பதுதான் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். அப்புறம் 1951இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் கிர்ச்னரும் அவருடைய கூட்டாளிகளும் ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களின் வாசனைப் பொருள்களைப் பிரிக்கச் சிலிக்காவைப் பசை சேர்த்துக் கண்ணாடிப் பட்டையில் ஒட்டவைத்து, இன்றைக்கு நாம் செய்வது போலவே கீழிருந்து மேலே ஓட்டினார்கள்.

அப்போதும் அது பரவவில்லை. 1956க்குப் பிறகு ஜெர்மனியின் எகோன் ஷ்டால் செய்தது புதிய கண்டுபிடிப்பு என்பதை விட ஒழுங்குபடுத்தல். சிலிக்காவின் துகள் அளவு இவ்வளவு, ஜிப்சம் இவ்வளவு, பூச்சின் கனம் இவ்வளவு, அதைப் பூசக் கருவி இது என்று தரப்படுத்தி, மெர்க் நிறுவனம் அந்தத் தூளை டப்பாவில் விற்க ஆரம்பித்த பிறகு, சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. நோபல் பரிசு 1952இல் மார்ட்டின், சிஞ்ச் இருவருக்கும் கிடைத்தது, ஆனால் அது பங்கீட்டு வண்ணப்பிரிகைக்காக, தட்டுக்காக அல்ல.

கேள்வி: மஞ்சள் வியாபாரம் செய்கிறோம். தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்பதை டி.எல்.சி.யில் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியுமா? அதில் தேறிவிட்டால் கவலை இல்லையா?
– வியாபாரி, ஈரோடு

பதில்: முதல் கேள்விக்குப் பதில், சில சாயங்களை முடியும். இரண்டாவதற்கு, கவலை இருக்கிறது.

மெட்டானில் மஞ்சள் என்பது உணவில் அனுமதிக்கப்படாத ஒரு செயற்கைச் சாயம். அதன் மூலக்கூறில் சல்ஃபோனேட் உப்புத் தொகுதி இருப்பதால் மேலே சொன்ன 95:5 கலவையில் அது அடிக்கோட்டை விட்டு ஏறத்தாழ நகரவே நகராது, குர்குமின் வகையறா மூன்றும் மேலே போய்விடும். அடியில் ஒரு மஞ்சள் புள்ளி தங்கி, அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி பட்டதும் அது இளஞ்சிவப்பாக மாறினால் உங்கள் தூளில் வேறு ஏதோ இருக்கிறது. அசல் மஞ்சளையும் மெட்டானில் மஞ்சளையும் அதே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஒப்பிட ஆள் இல்லாத தட்டை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் பேச முடியாது. மிளகாய்த் தூளில் கலக்கும் சூடான் சாயங்கள் வேறு ரகம், எண்ணெயில் கரைபவை, மேலே போகும். 2005இல் பிரிட்டனில் சூடான் 1 கலந்த மிளகாய்த் தூளால் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மிளகாயின் சொந்த நிறமிகளிலும் எண்ணெயில் கரைபவை உண்டு, அதனால் அங்கே ஒரே உயரத்தில் இரண்டு வேறு பொருள்கள் வந்து நின்று ஏமாற்றும் வாய்ப்பு அதிகம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மஞ்சளில் கலக்கும் மிக மோசமான பொருள் லெட் குரோமேட், ஈய உப்பு. கிழங்குக்குப் பளபளப்பான நிறம் தர அதைப் பூசுவார்கள். வங்கதேச மஞ்சளில் இது கலந்திருப்பதைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளிவந்து அங்கே அரசு நடவடிக்கை எடுக்கும்படி ஆனது. லெட் குரோமேட் மெத்தனாலில் கரையாது. தூளை மெத்தனாலில் கலக்கித் தெளிவை மட்டும் எடுத்துப் புள்ளி வைக்கும்போது அது அடியில் படிந்த மண்டியோடு தங்கிவிடுகிறது, தட்டுக்கே வருவதில்லை. தட்டு அழகாக மூன்று புள்ளி காட்டும், தூளில் ஈயம் இருக்கும். அதற்கு அணு உறிஞ்சல் நிறமாலை மாதிரி வேறு சோதனை தேவை. டி.எல்.சி. அறிக்கை ஒன்றை மட்டும் நீட்டி யாராவது கலப்படமே இல்லை என்று சொன்னால், ஈயத்துக்குத் தனியாகப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

கேள்வி: என் தயாரிப்பு ஒரே புள்ளியாக வருகிறது. சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிடலாமா?
– இதே கேள்வி ஐந்தாறு கடிதங்களில்

பதில்: எழுதாதீர்கள். இரண்டு புள்ளி தெரிந்து, பொருள் தட்டில் சிதையவில்லை என்றும் தெரிந்தால் கலப்பு என்று தைரியமாகச் சொல்லலாம், ஒரு புள்ளி தெரிந்தால் இந்தக் கரைப்பானில், இந்த விளக்கில், இந்த அளவில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை என்று மட்டுமே சொல்லலாம். குர்குமின் என்று விற்கும் பாட்டில்களிலேயே பெரும்பாலும் மற்ற இரண்டும் கலந்துதான் இருக்கின்றன. மெத்தனால் தாராளமாகச் சேர்த்த கலவையில் ஓட்டினால் மூன்றும் மேலே ஒன்றாகப் போய் ஒட்டிக்கொண்டு ஒரே புள்ளியாக நிற்கும், 95:5க்கு மாற்றியதும் குட்டு உடைந்துவிடும்.

குறைந்தது இரண்டு மூன்று வேறு வேறு கரைப்பான் ஜோடிகளில் ஓட்டுங்கள். ஒவ்வொரு தட்டையும் முதலில் விளக்கில், அப்புறம் அயோடினில் அல்லது ஏதாவது தெளிப்பானில் பாருங்கள். மாசு குறைவாக இருக்கலாம் என்று தோன்றினால் இந்த ஒரு தடவை வேண்டுமென்றே கனமாகப் புள்ளி வையுங்கள். பக்கத்தில் அதே கரைசலை 200 மடங்கு நீர்த்து வைத்தால் அது 0.5 சதவீத மாசு எப்படித் தெரியும் என்பதற்கு அளவுகோல் ஆகிவிடும், மருந்தியல் நூல்களில் மாசு வரம்பு பார்க்கும் சோதனைகள் இந்த மாதிரி ஒப்பீட்டில்தான் நடக்கின்றன. இரண்டு பொருள் ஒன்றா வேறா என்று பார்க்கும்போது மூன்று புள்ளி: இது, அது, நடுவில் இரண்டும் சேர்த்து வைத்தது. நடுப்புள்ளி நீண்டாலோ எட்டு மாதிரி இடை சுருங்கினாலோ வேறு வேறு.

பொருள் சிலிக்காவிலேயே சிதைகிறதோ என்று சந்தேகம் வந்தால் சதுரத் தட்டின் மூலையில் ஒரே புள்ளி வைத்து ஓட்டி, காயவைத்து, தட்டை 90 டிகிரி திருப்பி அதே கரைப்பானில் மறுபடி ஓட்டுங்கள். எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டத்தில் இருந்தால் சிக்கல் இல்லை, விலகிப் போனால் தட்டில் இருக்கும்போதே உடைகிறது. இத்தனை செய்த பிறகும் தண்ணீர், மிச்சக் கரைப்பான், கனிம உப்பு, ஆவியாகிப் போகும் பொருள் எதையும் தட்டு காட்டாது, என்.எம்.ஆர்., ஹெச்.பி.எல்.சி. மாதிரிப் பெரிய கருவிகளை எல்லாம் சும்மா வைத்திருக்கவில்லை.

கேள்வி: ஆய்வுக் கட்டுரையில் ஆர்.எஃப். 0.52 என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு 0.41 வருகிறது. என் பொருள் தப்பா?
– முனைவர் பட்ட மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: அதை வைத்து மட்டும் தப்பு என்று சொல்ல முடியாது. தட்டின் ஈரம், ஜாடியில் ஆவி நிரம்பிய அளவு, அறை வெப்பம், தட்டு எந்த நிறுவனத்துடையது என்று எல்லாமே ஆர்.எஃப்.பை ஆட்டும். உங்கள் ஊர் ஈரக்காற்றில் தட்டைத் திறந்து வைத்தாலே சிலிக்கா தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும். தரப் பொருள் (இன்னது என்று உறுதியாகத் தெரிந்த அசல் மாதிரி) கிடைத்தால் அதே தட்டில் பக்கத்தில் ஓட்டுங்கள், கட்டுரையின் எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு குறை சொல்கிறீர்கள், பிறகு இந்தக் காலத்தில் டி.எல்.சி. எதற்கு?
– வாசகர், சென்னை

பதில்: மலிவு, வேகம், ஒரே தட்டில் பத்துப் பதினைந்து மாதிரி. வினை முடிந்ததா இல்லையா என்று பத்து நிமிடத்தில் பார்க்க இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை. சித்த மருந்துகளுக்கான தர நூலில் மூலிகைகளை அடையாளம் காண இதுவும் ஒரு சோதனை. ஜெர்மனியின் குளோபல் பார்மா ஹெல்த் ஃபண்ட் உருவாக்கிய மினிலேப் என்ற பெட்டி ஆய்வகம் மலேரியா, காசநோய் மருந்துகளில் போலிகளைப் பிடிக்க ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் டி.எல்.சி.யைத்தான் நம்பியிருக்கிறது. மாத்திரையின் சாற்றை நடுவில் வைத்து, பக்கத்தில் 100 சதவீத அளவுக்கும் 80 சதவீத அளவுக்கும் தரப் புள்ளிகள் வைப்பார்கள். மருந்தே இல்லாத மாத்திரையும் பாதி மருந்து மட்டும் உள்ள மாத்திரையும் அங்கே உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளியில் சிலிக்காத் தட்டு வாங்க வசதி இல்லை. மாணவர்களுக்கு எப்படிக் காட்டுவது?
– வேதியியல் ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: டீச்சர், தட்டு இல்லாமலும் காட்டலாம். வடிதாள் பட்டை ஒன்றில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிரிவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள். நல்ல பசலைக்கீரையோ முருங்கைக்கீரையோ கொஞ்சம் அசெட்டோனில் அரைத்து, வடிகட்டி, சாற்றைக் காகிதத்தில் ஒரே இடத்தில் காயக் காயப் பல தடவை வைத்து, ஹெக்சேனில் கொஞ்சம் அசெட்டோன் சேர்த்த கலவையில் நிறுத்துங்கள். உச்சியில் கரோட்டினின் மஞ்சள், கீழே சாந்தோஃபில், நீலப் பச்சையாகப் பச்சையம் ஏ, மஞ்சள் பச்சையாகப் பச்சையம் பி. காகிதத்தில் சிலிக்கா அளவுக்குக் கூர்மையாகப் பிரியாது, பரவாயில்லை.

சிலிக்கா ஜெல் ஜி என்ற தூள் பள்ளிக்குக் கிடைத்தால் நீங்களே தட்டும் செய்துகொள்ளலாம். 30 கிராம் தூளை 60 மில்லிலிட்டர் தண்ணீரில் கலக்கி, அதில் உள்ள ஜிப்சம் இறுகுவதற்குள் நுண்ணோக்கிக் கண்ணாடிகளின்மேல் சீராகப் பரப்பி, காயவிட்டு, 110 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினால் போதும். தூளைக் கையாளும்போது முகக்கவசம் போடச் சொல்லுங்கள், சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அசெட்டோனும் ஹெக்சேனும் தீப்பிடிப்பவை, பக்கத்தில் பன்சன் அடுப்பு எரியக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். இலை நிறமிகள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும், அதனால் காய்ந்த உடனே புள்ளிகளைப் பென்சிலால் சுற்றி வரைந்து, போட்டோ எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.